யூனியா என்கிற பெண்: ஓர் அழுத்தக்குறியின் அரசியல்

ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தை வைத்து யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. வெறும் பெயர்ப்பட்டியல். நானும் பல வருஷம் அதைப் புரட்டித் தள்ளியவன்தான். கி.பி. 57 வாக்கில் ரோமாபுரியின் வீட்டுச் சபைகளுக்குப் பவுல் எழுதிய கடிதம், இன்னாருக்கு வாழ்த்து, இன்னாருக்கு வாழ்த்து என்று முடிகிறது. ஆனால் ஆதிச் சபையில் பெண் எங்கே இருந்தாள் என்கிற கேள்விக்கு இந்தப் பட்டியலைவிட நேரான சாட்சியம் குறைவு.

கெங்கிரேயா ஊர் பெபேயாளோடு சேர்த்தால் இதில் பத்துப் பெண்கள். ‘உழைத்தார்’ என்கிற வினையைப் பவுல் இங்கே நான்கு பேருக்குத் தருகிறார், நால்வரும் பெண்கள். பெபேயாளைக் குறிக்கும் ‘தியாக்கொனோஸ்’ என்ற கிரேக்கச் சொல், பவுல் வேறிடத்தில் தன்னையே குறிக்கப் பயன்படுத்தும் சொல். 1611ஆம் வருஷத்து ஆங்கில மொழிபெயர்ப்பிலோ அதே சொல் பவுலுக்கு வரும்போது ‘போதகர்’ என்கிற தொனியிலும், பெபேயாளுக்கு வரும்போது ‘வேலைக்காரி’ என்கிற தொனியிலும் பெயர்க்கப்பட்டது.

ஏழாம் வசனம் இன்னும் சிக்கலானது. அன்றோனீக்கு, யூனியா என்று இரண்டு பேர். பவுலின் இனத்தார், அவருக்கு முன்பே கிறிஸ்துவை ஏற்றவர்கள், சிறையிருந்தவர்கள், அப்போஸ்தலருக்குள் பேர்பெற்றவர்கள். பைபிளைத் தலைகீழாய்ச் சொல்லும் என் பெரியம்மாவிடம் “யூனியா யாரு பெரியம்மா?” என்று கேட்டேன். “பவுலோட ஜெயில்ல கெடந்தவரு. ஏசாயா, எரேமியா மாதிரி ஆம்பளப் பேருதான” என்றார்.

பெரியம்மா மீது தப்பில்லை. புராட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் புழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் பெண்கள் பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள் என்று ‘ஆள்’ போட்டுத்தான் வருகிறார்கள். அதே அதிகாரத்தில் யூலியா ‘யூலியாள்’ ஆகிறாள். யூனியாவோ ‘ஆள்’ இல்லாமல் நிற்கிறாள். திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு விகுதி விட்டுப்போனால் போதும், காது மீதியைச் செய்துவிடும்.

கிரேக்கத்தில் நடந்தது இவ்வளவு அப்பாவித்தனமானதல்ல. அங்கே இந்தப் பெயரின் வடிவம் ஆணா பெண்ணா என்பதை ஓர் அழுத்தக்குறிதான் தீர்மானிக்கிறது. மிகப் பழைய படிகளில் அக்குறிகளே கிடையாது. ஆனால் யூனியா என்பது சர்வசாதாரணமான ரோமப் பெண்பெயர். ரோமாபுரிக் கல்வெட்டுகளில் 250 தடவைக்கு மேல் வருகிறது. ‘யூனியாஸ்’ என்கிற ஆண்பெயருக்கு அந்தக் காலத்திய உறுதியான சான்று ஒன்றுகூட இல்லை. பெண்கள் சபையில் போதிப்பதை ஏற்காத யோவான் கிறிசோஸ்தோம்கூட 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், அப்போஸ்தலர் என்னும் பெயருக்குத் தகுதியான பெண் என்று இவளை வியந்தார்.

பின்னாளில் லூதரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு இவளை ஆணாக்கியது. அறிஞர்கள் நம்பிப் பயன்படுத்திய நெஸ்லேயின் கிரேக்கப் பதிப்பு 1927இல் ஆண்பெயரின் குறியை இட்டது. 1977இல் பெர்னதெத் புரூட்டன் இதைக் கேள்விக்குட்படுத்தி எழுதினார். பதிப்பில் யூனியா திரும்பி வந்தது 1998இல். எழுபத்தொரு வருஷம்! இதற்குள்ளிருந்த தர்க்கம் இதுதான்: பெண் அப்போஸ்தலராக இருக்க முடியாது, இவர் அப்போஸ்தலர், எனவே இவர் பெண்ணல்ல. நிரூபிக்க வேண்டியதை முன்னதாகவே வைத்துக்கொண்டு பிரதியைத் திருத்துவது.

சரி, பெண்தான் என்று ஆனபிறகு விஷயம் முடிந்ததா? இல்லை. 2001இல் புதிய வாதம் ஒன்று வந்தது: ‘அப்போஸ்தலருக்குள்’ பேர்பெற்றவர் அல்ல, ‘அப்போஸ்தலருக்கு’ நன்கு தெரிந்தவர், அவ்வளவுதான் என்று. ‘ஆணாக’ இருந்தவரை யூனியாவின் அப்போஸ்தலத்துவம் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதை வைத்து ஆதிச் சபையை ஒரு பொற்காலமாகக் கட்டமைப்பதும் ஆபத்து. பவுலின் அதே கடிதங்களில்தான் பெண் முக்காடிட வேண்டும் என்பதும் இருக்கிறது. கி.பி. 112 வாக்கில் ஆளுநர் பிளினி, சபையில் ஊழியப் பொறுப்பிலிருந்த இரண்டு பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகப் பேரரசன் திராயானுக்கு எழுதினான். அவர்கள் அடிமைகள். சபைக்குள் பொறுப்பு, வெளியே அடிமைத்தனம். அவர்கள் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. ‘யூத மதம் ஒடுக்கியது, கிறிஸ்தவம் விடுவித்தது’ என்கிற சுலபமான கதையாடலும் நிற்காது; யூனியாவே ஒரு யூதப் பெண்.

எனவே என் வாதம் சிறியது. சமத்துவம் முழுமையாக இருந்தது என்றல்ல. பெண்கள் தலைமையில் இருந்தார்கள், அது பின்னால் அழிக்கப்பட்டது என்பது. ‘ஆரம்பத்திலிருந்தே வழக்கமில்லை’ என்று சொல்லிப் பெண்ணுக்குக் குருப்பட்டம் மறுக்கப்படும்போது, எந்த ஆரம்பம், யார் பதிப்பித்த ஆரம்பம் என்று திருப்பிக் கேட்க இந்த ஒரு பெயர் போதும். பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் பைபிளில் யூனியாவுக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘ள்’ என்று எழுதிக்கொண்டார்.