உங்களுக்குத் தெரியுமா? டிரைவ் பூஜ்யம், லெவல் உச்சம்!

எடி வான் ஹேலனுக்காகப் பீவி நிறுவனம் 1992-இல் கொண்டுவந்த 5150 ஆம்ப்ளிஃபயரில் டிஸ்டார்ஷனுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் மெட்டல் கிதார் கலைஞர்கள் பலர் இப்படிப்பட்ட ஆம்புக்கு முன்னால் இபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைப் பெடலையும் மாட்டுகிறார்கள். எதற்கு?

கூடுதல் கரகரப்புக்காக அல்ல. பெடலின் டிரைவ் குமிழை அடியோடு குறைத்துவிட்டு, லெவலை மட்டும் உச்சத்துக்குத் திருகுகிறார்கள். அதன் சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளை அவ்வளவாகப் பெருக்குவதில்லை. தடித்த தந்திகளின் கொழகொழப்பு ஆம்புக்குள் நுழையுமுன்பே மட்டுப்படுகிறது. உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வேகமாக வாசித்தாலும் ஒவ்வொரு அடியும் தனித்தனியே விழும்.

தொல்லை, இரைச்சல்தான். பிக்கப்பின் ஹம்மும் கூடவே பெருகி, கை நின்ற மறுநொடியே 'உஸ்ஸ்' என்று கிளம்பிவிடும்.

அதற்குத்தான் நாய்ஸ் கேட், அதாவது வாசிக்காதபோது ஒலியை அடைத்துவிடும் கருவி. பாஸ் நிறுவனத்தின் என்எஸ்-2 பெடலை நான்கு கேபிள்களால் இணைத்தால், கிதாரின் சுத்தமான சிக்னலைக் கவனித்தபடியே ஆம்பின் இடையில் பெடல்களைச் செருக உதவும் எஃபெக்ட்ஸ் லூப்பில் இரைச்சலை வெட்டும். அடங்காத ஆம்புக்கு இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாடு குறைவு. எந்த அளவுக்குக் கீழே ஒலியை வெட்டுவது என்று தீர்மானிக்கும் த்ரெஷோல்டை மட்டும் அளவுக்கு மீறி ஏற்றக்கூடாது. ஏற்றினால், நீண்டு ஒலிக்க வேண்டிய நோட்டும் பாதியில் அறுந்துவிடும்.