ஈழத்துக்கு இந்திய உதவி: மும்பைத் தமிழர் கேட்க வேண்டிய கணக்கு

தாராவி, மாட்டுங்கா, செம்பூர். மும்பைத் தமிழர் வாழ்வு என்றவுடன் நினைவுக்கு வரும் பெயர்கள் இவை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலை நம்பி வந்தவர்கள் தாராவியில் வேரூன்றினர். அலுவலகப் பணி தேடி வந்த குடும்பங்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தங்கின. இன்று தாராவி, செம்பூர் சட்டப்பேரவைத் தொகுதிகள் இரண்டும் தென் மத்திய மும்பை மக்களவைத் தொகுதிக்குள் அடங்குகின்றன. இலங்கைத் தமிழருக்காக மத்திய அரசு ஒதுக்கும் நிதி அந்த மக்களவையில்தான் நிறைவேறுகிறது. ஆகவே, அந்நிதி குறித்துக் கேள்வி எழுப்பும் உரிமை தமிழகத்து வாக்காளருக்கு மட்டும் உரியதன்று.

வெளியுறவு அமைச்சகத்தின் நிதிநிலைக் கணக்கில் இலங்கைக்கு 2024-25இல் ரூ.245 கோடியும், 2025-26இல் ரூ.300 கோடியும் ஒதுக்கப்பட்டன. போர் முடிந்த 2009ஆம் ஆண்டிலோ, இடம்பெயர்ந்தோரின் மறுவாழ்வுக்கு மட்டும் ரூ.500 கோடியை மன்மோகன் சிங் அரசு அறிவித்தது.

அப்போது ஏறத்தாழ 3 லட்சம் பேர் வவுனியா பகுதி முகாம்களில் முள்வேலிக்குள் இருந்தனர். இந்திய ராணுவ மருத்துவர்கள் புல்மோட்டையில் அமைத்த கள மருத்துவமனை பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு மாற்றப்பட்டது. உணவும் உடையும் அடங்கிய சுமார் 2.5 லட்சம் குடும்பப் பொதிகள் அனுப்பப்பட்டன. கண்ணிவெடி அகற்றும் குழுக்கள், கூரைத் தகடுகள், 95 ஆயிரம் வேளாண் தொடக்கப் பொதிகள், 500 டிராக்டர்கள் ஆகியவை அடுத்தடுத்துச் சென்றன.

இவை அனைத்திலும் பெரியது 50 ஆயிரம் வீடுகள் திட்டம். அரியாலையில் 2010 நவம்பரில் முன்னோடிப் பணி தொடங்கியது. முதல் ஆயிரம் வீடுகளுக்குப் பின், 2012 காந்தி ஜயந்தியன்று முறை மாற்றப்பட்டது. பயனாளிக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய் தவணை தவணையாக வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. வீட்டை அவரே கட்டிக்கொண்டார். இடைத்தரகருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அங்கு வேலை குறைந்தது.

தாராவி மக்களுக்கு இதன் அருமை விளங்கும். மறுசீரமைப்பு என்றாலே, யார் தகுதியுடையவர், பட்டியலில் யார் பெயர் விடுபட்டது என்ற கவலையோடு வாழ்பவர்கள் அவர்கள். பிறர் கட்டித் தரும் அடுக்ககத்துக்கும், தன் மண்ணில் தானே எழுப்பும் சுவருக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எனினும் வீடு மட்டுமே வாழ்வாகிவிடாது. கணவரை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கில் உள்ளன. சுவர் எழுந்தது, நிலையான வருமானம் எழவில்லை. நுண்கடன் நிறுவனங்கள் அந்த இடைவெளியில் நுழைந்தன. கடன் சுமை பெருகியதால், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடனின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் இலங்கை அரசே அறிவிக்க நேர்ந்தது.

குழந்தைகளின் நிலை இன்னும் ஆழமானது. போர் முடிவில் சரணடைந்தவர்களுள் 594 பேர் சிறார் போராளிகள் எனக் கணக்கிடப்பட்டு, யூனிசெஃப் உதவியுடன் மறுவாழ்வு அளிக்கப்பட்டது. முகாம்களில் பெற்றோரை இழந்தும் படிப்பை இழந்தும் நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். சிதைந்த பள்ளிகளைச் சீரமைத்ததும், கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல், வேளாண் பீடங்களுக்கு நிதி அளித்ததும் இந்தியாவின் நற்பணிகளே. ஆனால் கட்டடத்தை எண்ணுவது எளிது. அதில் படித்த பிள்ளை எங்கே போனான் என்பதை எண்ணுவதே கடினம். 2009இல் முகாமில் பிறந்த குழந்தை இன்று பதினாறு வயதை எட்டிவிட்டது.

அரசியல் தீர்வும் இதிலிருந்து பிரிக்க இயலாதது. 1987ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் விளைவாக வந்த மாகாண சபைக்கு வடக்கில் 2013இல் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. 2018இல் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. பள்ளியையும் சாலையையும் பராமரிக்க வேண்டிய மக்கள் பிரதிநிதிகளே இல்லாத நிலையில், கொடை கொடுத்தவர் எழுப்பியவற்றைக் காப்பது யார்?

வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை பல ஆண்டுகளில் அவையில் விவாதமின்றியே நிறைவேறுகிறது. ஆனால் நாடாளுமன்ற நிலைக்குழு ஆண்டுதோறும் அதை ஆராய்ந்து அறிக்கை அளிக்கிறது. ஒதுக்கிய தொகையில் எவ்வளவு வடக்கு, கிழக்கைச் சென்றடைந்தது? எத்தனை குடும்பங்கள் அந்த வீடுகளில் இன்றும் வாழ்கின்றன? எத்தனை பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்தனர்? இம்மூன்று கேள்விகளையும் எழுத்து வடிவில் எழுப்பும்படி தங்கள் உறுப்பினரை வலியுறுத்த, தாராவிக்கும் செம்பூருக்கும் வாக்குச் சீட்டு ஒன்றே போதும்.