ஃபார்னிசாய்டு எக்ஸ் ஏற்பி

ஃபார்னிசாய்டு எக்ஸ் ஏற்பி (சுருக்கமாக எஃப்.எக்ஸ்.ஆர்) என்பது கல்லீரல், குடல் முதலியவற்றின் உயிரணுக் கருவில் செயற்படும் ஒரு புரதம் ஆகும். பித்த அமிலங்களின் அளவை உணர்ந்து, அவற்றின் உற்பத்திக்கான மரபணுக்களை இது கட்டுப்படுத்துகிறது. பித்த அமிலங்கள் இதனுடன் பிணைவது 1999 இல் கண்டறியப்பட்டது.

செயற்பாடு

கல்லீரல் கொலஸ்டிராலைப் பித்த அமிலங்களாக மாற்றுகிறது. இம்மாற்றத்தைத் தொடக்கி வைக்கும் நொதியை உருவாக்குவது சி.ஒய்.பி.7.ஏ.1 என்னும் மரபணு ஆகும். பித்த அமிலங்கள் மிகும்போது அவை எஃப்.எக்ஸ்.ஆரைத் தூண்டுகின்றன. அதனால் எஸ்.எச்.பி என்னும் வேறொரு புரதம் கூடுதலாக உருவாகி, அம்மரபணுவை அடக்குகிறது. பித்த அமிலங்கள் குறைந்தால் அடக்கம் தளர்கிறது. கொலஸ்டிரால் மீண்டும் கூடுதலாகச் செலவாகிறது.

குக்குலு ஆய்வுகள்

இந்த ஏற்பியைத் தடுத்தால் கொலஸ்டிரால் குறையுமா என்னும் கேள்வி, ஆயுர்வேத மருந்தான குக்குலுப் பிசினைப் பற்றிய ஆய்வுகளில் எழுந்தது. இப்பிசின் முயல்களில் கொலஸ்டிராலைக் குறைப்பதை 1966 இல் பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்தியவதி காட்டினார். இதிலுள்ள குக்குல்ஸ்டீரோன் எஃப்.எக்ஸ்.ஆரைத் தடுப்பதாக 2002 இல் அறியப்பட்டது. எஃப்.எக்ஸ்.ஆர் இல்லாத சுண்டெலிகளில் அது பயனளிக்கவில்லை.

எனினும், 2003 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 103 பேரில் குக்குலுச் சாறு உட்கொண்டோருக்குத் தீய கொலஸ்டிரால் 8 வாரங்களில் குறையாமல் 4 முதல் 5 விழுக்காடு வரை கூடியது. குக்குல்ஸ்டீரோன் வேறு சில ஏற்பிகளிலும் செயற்படுகிறது. எனவே விலங்குகளில் ஓர் ஏற்பியைக் கொண்டு அறிந்த பயன் மனிதரிலும் கிட்டும் என்று கொள்ள இயலாது.