‘ஃபால்ஸ்’னு சொன்னாலும் அழிச்சிடும்!

இன்னிக்கு எபிசோடுல ஒரே ஒரு விஷயம்தான் மக்களே: கமாண்ட் லைன் ப்ரோக்ராம்ல வர்ற பூலியன் ஃப்ளாக்.

பைத்தான்ல ஆர்க்பார்ஸ் வச்சு, பழைய ஃபைல்களைக் காட்டுற ஸ்கிரிப்ட் எழுதுறீங்கன்னு வைங்க. அழிக்கவும் செய்யணும்னா ‘டிலீட்’னு ஒரு ஃப்ளாக், அதோட டைப் பூல். பார்க்க சரியாத்தான் இருக்கும். ஒருத்தர் ஜாக்கிரதையா ‘டிலீட் ஃபால்ஸ்’னு டைப் பண்ணி ரன் பண்றாரு. ஃபைல் எல்லாம் காலி! ஏன்னா டெர்மினல்ல இருந்து வர்றது எல்லாமே வெறும் எழுத்துதான். பூல் அதுக்கு அர்த்தம் பாக்காது. ஸ்ட்ரிங் காலியா இருக்கா இல்லையான்னு மட்டும் பாக்கும். ‘ஃபால்ஸ்’ காலி ஸ்ட்ரிங் இல்லையே, அப்போ ட்ரூ.

அதனால வேல்யூவே கேக்காதீங்க. ஃப்ளாக் வந்தா ஆமா, வரலைன்னா இல்ல. இதுக்குன்னே ‘ஸ்டோர் ட்ரூ’ன்னு ஒரு ஆக்‌ஷன் இருக்கு, டிஃபால்ட் தானாவே ஃபால்ஸ் ஆயிடும்.

சரி, டிஃபால்ட் ட்ரூவா இருக்கணும்னா? ஸ்டோர் ட்ரூ போட்டு டிஃபால்ட்டையும் ட்ரூன்னு வச்சா, ஃப்ளாக் போட்டாலும் ட்ரூ, போடலைன்னாலும் ட்ரூ. ஆஃப் பண்ண வழியில்லாத சுவிட்ச். அதுக்குத்தான் ‘கலர்’, ‘நோ கலர்’னு ஜோடியா வைக்கிறது. பைத்தான் 3.9ல இருந்து ‘பூலியன் ஆப்ஷனல் ஆக்‌ஷன்’னு குடுத்தா ரெண்டும் சேர்ந்தே வந்துடும்.

கோ மொழியோட ஃப்ளாக் பேக்கேஜ்ல வேற கதை. ஆஃப் பண்ண, நடுவுல ஈக்வல் குறி போட்டு ஃபால்ஸ்னு எழுதணும். ஸ்பேஸ் விட்டா ஃப்ளாக் ட்ரூ ஆயிடும், அதுக்கு அப்புறம் வர்ற ஃப்ளாக் எதையும் படிக்கவே படிக்காது.

ஆனா சின்டாக்ஸை விட, டிஃபால்ட் எதுன்னு முடிவு பண்றதுதான் பெரிய வேலை. பாதிப் பேர் ஹெல்ப் பக்கம் திறக்கவே மாட்டாங்க. அவங்களுக்கு டிஃபால்ட்தான் ப்ரோக்ராமே. க்னூ ஆர்எம்ல ‘ப்ரிசர்வ் ரூட்’னு ஒரு ஃப்ளாக். ரூட் டைரக்டரியை மொத்தமா அழிக்க விடாது. முதல்ல அதை நாமளே போட வேண்டியிருந்தது. 2006ல கோர்யூட்டில்ஸ் 6.4ல அதுவே டிஃபால்ட் ஆச்சு. அழிச்சே தீருவேன்னா ‘நோ ப்ரிசர்வ் ரூட்’னு அடிக்கணும். மத்த நீளமான ஆப்ஷனைச் சுருக்கி அடிக்கலாம், இன்னிக்கு வர்ற வெர்ஷன்ல இதை மட்டும் முழுசாத்தான் அடிக்கணும். நல்ல பிடிவாதம்!

ஒண்ணு மட்டும் கவனிங்க. ஸ்லாஷுக்குப் பின்னாடி ஸ்டார் போட்டா இது காப்பாத்தாது. ஷெல்லு அதை விரிச்சு உள்ள இருக்கிற ஃபோல்டர் ஒவ்வொண்ணோட பேரையும் நீட்டிடும். ரூட்டுங்கிற பேச்சே ஆர்எம் காதுக்கு வராது.