ஊசியும் உள்ளமும்

2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்குரிய தடுப்பூசி போடப்பட்டது. அப்போது தலைமையாசிரியனாக இருந்த என்னிடம் ஒரு தந்தையார் வந்து, கைப்பேசியில் வந்திருந்த வதந்தி ஒன்றைக் காட்டினார். "ஐயா, நோய் வந்தால் அது விதி. ஊசி போட்டு ஏதேனும் நேர்ந்தால், அது நானே செய்ததாகுமல்லவா?" என்றார். அறியாதவர் என்று அவரை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அவ்வச்சம் மிகப் பழையது. அவருக்கு நான் பெஞ்சமின் பிராங்க்ளினின் கதையைச் சொன்னேன்.

ஜென்னரின் தடுப்பூசி தோன்றுவதற்கு அறுபது ஆண்டுகள் முற்பட்ட காலம் அது. பெரியம்மைக் கொப்புளத்துச் சீழைச் சிறிதளவு தோலைக் கீறி ஏற்றும் முறையே அன்று இருந்தது. அதில் இடர் உண்டு. 1721இல் பாஸ்டன் நகரில் அவ்வாறு ஏற்றிக்கொண்டோருள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இறந்தனர். தானாக நோய் கண்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர் மாண்டனர். பிலடெல்பியாவில் செய்தித்தாள் நடத்திவந்த பிராங்க்ளின் இம்முறையை ஆதரித்தவரே. எனினும் மகன் உடல்நலம் குன்றியிருந்தமையால் ஒத்திப்போட்டார். 1736இல் சிறுவன் பெரியம்மை கண்டு இறந்தான். அம்மை ஏற்றியதால்தான் இறந்தான் என்று ஊரார் பேசவே, அத்துயரத்திடையே தம் இதழில் மறுப்பும் எழுத நேர்ந்தது. ஏற்றினும் ஏற்றாவிடினும் இழந்தபின் வருத்தம் ஒன்றே. ஆதலின் இடர் குறைந்த வழியையே கொள்ளுங்கள் என்று, முதுமையில் தம் வரலாற்றில் பெற்றோர்க்குச் சொல்லிவைத்தார்.

செய்து வரும் தீங்கு, செய்யாது விட்டதால் வரும் தீங்கினும் பெரிதாகத் தோன்றுவது நம் மனத்தின் இயல்பு. 1990இல் ரிட்டோவ், பேரன் என்னும் உளவியலார் இருவர் இதனை ஆராய்ந்தனர். ஒரு நோயால் 10,000 குழந்தைகளுள் 10 பேர் இறப்பர் என்றும், தடுப்பூசியால் அதனினும் குறைவானவரே இறப்பர் என்றும் ஒரு கற்பனைக் கணக்கை முன்வைத்தபோதும், பலர் ஊசி வேண்டாம் என்றே கூறினர்.

இன்னொன்றும் உண்டு. என் சிறுவயதில் அம்மை குத்துபவர் வந்தால் நாங்கள் வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். தழும்பேறிய முகங்களை நாள்தோறும் கண்ட பெரியவர்களோ எங்களை இழுத்துவந்து நிறுத்துவர். 1980இல் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய முகங்களைக் காணாத தலைமுறைக்குக் கண்முன் நிற்பது ஊசி ஒன்றே.

அந்தத் தந்தையார் என் கணக்குகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பையனுக்கு வயதென்ன என்று மட்டும் கேட்டார். நான்கு என்றேன். மறுநாள் மகளின் கையைப் பற்றியபடி வரிசையில் வந்து நின்றார். ஊசி இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டவர் அவர்தாம்.