சைக்கிளின் சிற்றுறுப்புகள்

நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், தொலைவிலிருந்து சைக்கிளில் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த மாணவன் ஒருவன், இடப்பக்கத்துப் பெடல் கழன்றுவிட்டதென்று அதனைக் கையில் ஏந்தி வந்து நின்றான். நானே ஸ்பானரை எடுத்து, எல்லாத் திருகுகளையும் போல அதனையும் வலஞ்சுழியாகத் திருப்பினேன். ஏறவில்லை. வலிமையைக் கூட்டினேன், கிராங்கின் மரை அழிந்தது. புதுக் கிராங்க் வாங்கும் வரையில் அப்பையன் நாள்தோறும் நடந்தே வந்தான். பிழை செய்தவன் நான், நடந்தவன் அவன்.

ஓர் உறுப்பு ஏன் இவ்வாறு அமைந்துள்ளது என்று கேளாமல் அதன்மேல் கைவைத்ததே என் குற்றம். அக்கேள்வியை இன்று கேட்போம்.

கிராங்குகள் இரண்டையும் இணைக்கும் அச்சு, கிண்ணம் போன்ற இரு உறுப்புகளுக்குள் சுழல்கிறது. அச்சுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உள்ளன. பழைய வகை வண்டிகளில் பெரும்பாலும் கால் அங்குலக் குண்டுகள், பக்கத்துக்கு 11 இருக்கும். உரசுதலை உருளுதலாக மாற்றுவதே இவற்றின் தொழில். இடமிருக்கிறதே என்று மேலும் ஒன்றைத் திணித்தால், அவை தாராளமாக உருளமாட்டா.

அடுத்தது காட்டர் பின். கிராங்கை அச்சோடு பிணைக்கும் இது உண்மையில் ஓர் ஆப்பு. இதன் ஒரு பக்கம் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். அச்சில் வெட்டப்பட்ட தட்டையான இடத்தில் அச்சாய்வு அழுந்திப் பதிவதால், கிராங்க் நழுவாமல் நிற்கிறது. பின்னைச் சுத்தியலால் அடித்து இறுக்கிய பின்னரே நட்டைப் பூட்டவேண்டும். பின் பின்வாங்காமல் காப்பதே நட்டின் வேலை. அதனை உள்ளே இழுப்பதன்று. இரு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழையவேண்டும். இல்லையேல் கிராங்குகள் ஒரே நேர்கோட்டில் அமையா. மிதிக்குந்தோறும் ‘டக்’கென்று ஒலி கேட்டால், பின் தேய்ந்திருக்கக்கூடும். ஆப்பு வேண்டாத புதுவகை அச்சுகளும் இன்று வழக்கில் உள்ளன.

இனி, என்னை ஏமாற்றிய பெடலுக்கு வருவோம். வலப்பெடலுக்கு வலமரை, இடப்பெடலுக்கு இடமரை. ஏன்?

மேசைமேல் ஒரு வளையலை வையுங்கள். அதனுள் ஒரு பென்சிலை நிமிர்த்தி, வளையலின் உள்விளிம்பை ஒட்டி வழுக்காமல் இடஞ்சுழியாக உருட்டிக்கொண்டு செல்லுங்கள். பென்சில் தன்னைத்தானே வலஞ்சுழியாகச் சுற்றிக்கொள்வதைக் காண்பீர்கள்.

பெடலிலும் இதுவே நிகழ்கிறது. வலப்புறமிருந்து நோக்கினால் கிராங்க் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. காலின் அழுத்தமோ பெரும்பாலும் கீழ்நோக்கியே இருக்கிறது. ஆகவே கிராங்கின் துளைக்குள் அழுத்தம் படும் இடம் இடஞ்சுழியாக நகர்ந்துகொண்டே போகிறது. துளை வளையல், பெடலின் தண்டு பென்சில். தண்டு வலஞ்சுழியாகத் திரும்ப முயல, வலமரை மேலும் இறுகுகிறது. இடப்புறத்தில் திசைகள் யாவும் மாறுவதால், அங்கு இடமரையே இறுகும். பெடலினுள் எழும் உராய்வு இதற்கு நேர்மாறாகத் தளர்த்தவே முயலும். ஆயினும் அங்குள்ள குண்டுகள் அவ்வுராய்வை மிகச் சிறிதாக்கிவிடுகின்றன.

நினைவிற்கொள்ள எளிய வழி ஒன்றுண்டு. ஸ்பானரின் பிடி மேல்நோக்கி நிற்கையில், அதனை வண்டியின் முன்புறமாகத் தள்ளினால் இரு பெடல்களும் இறுகும். பின்புறமாக இழுத்தால் கழலும். தொடக்கத்தில் விரல்களாலேயே திருகுங்கள். மரை பொருந்தினால் தானே ஏறும். ஏற மறுத்தால், வலிமையைக் கூட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். அன்று நான் ஒரு நிமிடம் நின்று அவ்வாறு தேடியிருப்பேனாயின், அம்மாணவன் மறுநாளும் சைக்கிளிலேயே பள்ளிக்கு வந்திருப்பான்.