கேட்பார் உண்டு

தணிகை என்னும் பெயருக்குச் சினம் தணிந்த இடம் என்று பெரியோர் பொருள் கூறுவர். போர் முடிந்து, கோபம் ஆறி, முருகன் வந்து அமர்ந்த மலை அது என்பது தல வரலாறு. அந்த மலையின் அடிவாரத்தில், 2025-ஆம் வருஷம் டிசம்பர் மாதக் கடைசியில் நடந்த காரியம் நமது நேயர்களின் நினைவை விட்டு அகன்றிராது. சென்னையிலிருந்து வந்த மின்சார ரயிலில் பிரயாணம் செய்த வடநாட்டுத் தொழிலாளி ஒருவரைப் பதினேழு வயதுப் பையன்கள் நால்வர் அரிவாளைக் காட்டி மிரட்டினார்கள். திருத்தணியில் அவரை வெட்டினார்கள். வெட்டியதைக் கைப்பேசியில் படம் பிடித்து உலகத்துக்கெல்லாம் காட்டினார்கள். தொழிலாளி உயிர் பிழைத்தார், பையன்கள் பிடிபட்டார்கள். வருஷக் கடைசி நாளன்று ஆயிரக்கணக்கான பக்தர்கள் படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டு 365 படிகளையும் ஏறும் ஊரிலே, அந்தத் திருவிழாவை ஒட்டிய நாட்களிலேயே இப்படி ஒன்று நடந்தது.

தாக்கப்பட்டவர் வடநாட்டார் என்ற காரணத்துக்காகத் தாக்கப்பட்டார் என்று கொள்வது சரியன்று என்பது போலீஸ் அதிகாரிகள் அப்போது வெளியிட்ட அபிப்பிராயம். அதனை மறுப்பது நமது நோக்கமன்று. குற்றத்தின் உள்நோக்கத்தைத் தீர்மானிக்க வேண்டியது நியாய ஸ்தலம்; பத்திரிகையல்ல. ஆனால், நியாய ஸ்தலம் கேட்காத ஒரு கேள்வியை ஊரார் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு ரயில் பெட்டியில் எத்தனையோ பேர் உட்கார்ந்திருப்பார்கள். கடைக்காரர் இருப்பார், குமாஸ்தா இருப்பார், கல்லூரி மாணவர் இருப்பார். அவர்களில் ஒருவர் கழுத்தில் அரிவாளை வைத்தால் மறுநாள் அவருடைய அண்ணன் வருவான், மாமன் வருவான், சங்கத்தார் வருவார்கள், வக்கீல் வருவார். மொழி தெரியாத அயலூரான் விஷயத்தில் யார் வருவார்? அவன் கேட்பாரற்றவன். துவேஷம் என்று சொன்னாலும் சரி, விளையாட்டு வெறி என்று சொன்னாலும் சரி, கொடுமையின் கை முதலில் நீளுவது கேட்பாரற்றவன் மீதுதான். இந்த ஒன்றைத்தான் நாம் இன்று நேயர்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

துவேஷம் தனியாக வருவதில்லை. வதந்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வரும். 2023-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் வெட்டப்படுகிறார்கள் என்று பொய்யான படங்கள் பரவின. எங்கேயோ, யாரோ, எதற்காகவோ போட்ட சண்டைகளெல்லாம் அந்தப் படங்களில் இனச் சண்டையாக உருமாறின. ஹோலிப் பண்டிகைக்கு ஊர் திரும்பியவர்களின் கூட்டம், உயிர் தப்பி ஓடுகிறவர்களின் கூட்டமாகக் காட்டப்பட்டது. பீகார்ச் சட்டசபையில் கூச்சல் எழுந்தது; அங்கிருந்து அதிகாரிகள் குழு ஒன்று இங்கே வந்து நேரில் பார்த்தது. படங்கள் பொய் என்று வெளியாயிற்று. பரப்பியவர்கள் மீது வழக்குகள் தொடரப்பட்டன. ஆயினும், அந்தச் சில நாட்களில் திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் தொழிலாளர் குடியிருப்புகளில் நிலவிய அச்சம் பொய்யன்று. பொய்யை அவர்கள் ஏன் நம்பினார்கள்? உண்மையைச் சொல்லக்கூடிய உள்ளூர்ச் சிநேகிதன் ஒருவன்கூட அவர்களில் பலருக்கு இல்லாததால் நம்பினார்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். ஏராளமாக இருக்கிறது. பிறந்த இடத்தைக் காரணமாகக் காட்டிச் சர்க்கார் எந்தப் பிரஜைக்கும் பேதம் செய்யலாகாது என்பது அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. தேசம் முழுவதும் சஞ்சரிக்கவும், எங்கும் குடியிருக்கவும், எத்தொழிலும் செய்யவும் உரிமை தருவது 19-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதையின் 103-ஆவது பிரிவு, இனம், ஜாதி, பிறந்த இடம், மொழி முதலிய காரணங்களுக்காகக் கும்பலாகக் கூடிச் செய்யும் கொலைக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கிறது. 117-ஆவது பிரிவு அவ்விதமே செய்யப்படும் கொடுங்காயத்துக்கு ஏழு வருஷம் வரை தண்டனை விதிக்கிறது. ஆனால், கும்பல் என்றால் ஐந்து பேராவது இருக்க வேண்டும். நான்கு பேர் கூடினால் அந்தப் பிரிவு பொருந்தாது. சாதாரணப் பிரிவுகளைத்தான் நாட வேண்டும். வெளி ராஜ்யத் தொழிலாளரின் நன்மைக்காக 1979-இல் இயற்றிய சட்டம், ஐவர் வேலை செய்யும் இடத்துக்கும் பொருந்தியது. 2025 நவம்பர் 21-இல் அமுலுக்கு வந்த புதிய தொழிற்சட்டத் தொகுப்பின்படி பத்துப் பேராவது இருந்தால்தான் அந்த அத்தியாயம் பொருந்தும். சட்டம் தலையை எண்ணுகிறது. அதனைக் குறையென்று சொல்லவில்லை. எங்கேயாவது ஒரு கோடு போட்டாக வேண்டும். ஆனால், கோட்டுக்கு இப்பால் நிற்கும் தனி மனிதனுக்கு அண்டை வீட்டானைத் தவிர வேறு காவல் ஏது?

அயலூரில் கேட்பாரற்று நிற்பது எத்தகையது என்பதைத் தமிழனுக்கு வேறு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1860-ஆம் வருஷம் நவம்பரில் சென்னையிலிருந்து நேட்டாலில் போய் இறங்கிய முதல் ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் இந்தப் பக்கத்து ஏழைகள். பிற்காலத்தில் அவர்கள் மீது சுமத்தப்பட்ட மூன்று பவுன் தலைவரியை எதிர்த்து, மகாத்மா காந்தி தலைமையில் நடந்த போராட்டத்திலே சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தவள் தில்லையாடி வள்ளியம்மை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களைத் தம் இரத்தத்தால் வளர்த்த லட்சக்கணக்கான தமிழர்களை 1948-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம் எந்த நாட்டுக்கும் உரியரல்லாதவராக்கி நிறுத்தியது. 1983 ஜூலையில் கொழும்பு பற்றி எரிந்தபோது, தமது வீடுகளில் தமிழர்களை ஒளித்து வைத்து உயிர் காத்த சிங்களவர்கள் பலர் இருந்தார்கள். அன்று சட்டமும் போலீஸும் கைவிட்ட இடத்தில் அண்டை வீட்டான் நின்றான். அவன் நமக்குச் செய்த உபகாரத்துக்குக் கைம்மாறு செய்ய வேண்டிய இடம் கொழும்பு மட்டுமல்ல. திருத்தணி ரயில் நிலையமும் அதற்குரிய இடந்தான்.

திருத்தணிக்கு இதில் விசேஷப் பொறுப்பு ஒன்று உண்டு. இது மொழியின் பெயரால் எல்லை மாறிய ஊர். 1953 அக்டோபரில் ஆந்திர ராஜ்யம் ஏற்பட்டபோது சித்தூர் ஜில்லாவோடு இதுவும் அங்கே போயிற்று. ம. பொ. சிவஞானம் அவர்களும் மங்கலங்கிழார் அவர்களும் மற்றுமுள்ள எல்லைப் போராட்டத் தொண்டர்களும் செய்த முயற்சிகளின் பயனாக, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தத் தாலுகா மீண்டும் நம்மிடம் வந்தது. சத்தியவேடு அப்பால் போயிற்று. எல்லைக் கோடு எங்கே விழுந்தாலும், தெலுங்கு பேசும் தமிழ்நாட்டாரும் தமிழ் பேசும் ஆந்திரரும் இரு புறமும் இருந்தே தீருவார்கள் என்பதை இவ்வூரார் அனுபவத்தில் அறிவார்கள். பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறியோசைக்கு நடுவே இரு மொழிகளும் புழங்குகின்றன. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவரை எந்த ராஜ்யத்தார் என்று மலைமேல் யாரும் விசாரிப்பதில்லை. தெலுங்கு பேசும் குடும்பத்தில் இவ்வூரிலே பிறந்த பிள்ளைதான் ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் குடியரசுத் தலைவரானதைத் திருத்தணி தன் பெருமையாகவே சொல்லிக்கொள்ளுகிறது. இரு மொழிக்கு இடம் கொடுத்த ஊர், மூன்றாவது மொழி பேசி வருகிறவனுக்கு இடம் இல்லை என்று சொல்லலாமா?

நியாயமான ஒரு மனக்குறை உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. “வடக்கன் வந்து குறைந்த கூலிக்கு வேலை செய்கிறான், எங்கள் பிள்ளைகளுக்கு வேலை போகிறது” என்று உள்ளூர்த் தொழிலாளி சொல்கிறான். அவன் வயிறு சொல்வதை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால், கூலியைக் குறைத்தவன் யார்? வந்தவனா, வரவழைத்த கங்காணியா? ஊர் பேர் தெரியாதவன், கணக்குக் கேட்க மாட்டான், தொழிற்சங்கத்தில் சேர மாட்டான், அடித்தாலும் போலீஸுக்குப் போக மாட்டான் என்பதனால்தான் அவனுக்குக் குறைந்த கூலி. அவனையும் கேட்க ஆள் உள்ளவனாக ஆக்கினால் அவனுக்கும் முழுக் கூலி கொடுக்க வேண்டி வரும். அப்போது உள்ளூரானைத் தள்ளிவிட்டு அவனை வைத்துக்கொள்வதில் முதலாளிக்கு லாபம் இராது. ஆகவே, அயலானின் உரிமையைக் காப்பது உள்ளூரானின் கூலியையும் காப்பதாகும். அரிவாள் இந்தக் கணக்கைத் தீர்க்காது. அது கங்காணியின் பக்கத்தையே பலப்படுத்தும்.

இம்மாதிரிக் காரியங்களில் ஜனங்கள் முந்திக்கொள்ள, சட்டம் பின்னால் வந்ததற்கு நமது சரித்திரத்திலேயே சான்று உண்டு. 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், கக்கன் முதலிய தாழ்த்தப்பட்ட வகுப்புத் தோழர்களுடன் நுழைந்தபோது அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் பிறந்திருக்கவில்லை. அதன் பிறகே பிறந்தது. அண்மைக் காலத்திலும், திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் வேலை செய்யும் ஒரிஸாத் தொழிலாளரின் குழந்தைகளுக்கு, அவர்கள் மொழி அறிந்த ஆசிரியர்களையும், அவர்கள் ராஜ்யத்துப் பாடப் புத்தகங்களையும் கொண்டு பள்ளிகள் நடத்தப்பட்டிருக்கின்றன. சர்க்கார் கல்வி இலாகாவும் தொண்டு ஸ்தாபனங்களும் சேர்ந்து செய்த இந்தக் காரியம் ஆரவாரமில்லாதது. ஆனால், அந்தக் குழந்தையின் தகப்பனுக்கு இவ்வூரில் ஓர் ஆசிரியர் பழக்கமாகிவிட்டார். கேட்பாரற்ற நிலை அவ்வளவுக்கு நீங்கிற்று.

இதனை ஊர் முழுவதற்கும் விஸ்தரிக்க வேண்டும் என்பது நமது யோசனை. வர்த்தகர்கள், சூளை உரிமையாளர்கள், ஆட்டோ ஓட்டுவோர், ரயில்வே ஊழியர்கள், ஆசிரியர்கள், வக்கீல்கள் ஆகியோரும், வெளியூர்த் தொழிலாளரிலிருந்தே சிலரும் சேர்ந்து ஒரு குழுவாக வேண்டும். மாலையணிந்து போட்டோ எடுத்துக்கொண்டு கலையும் குழு வேண்டாம். அடிபட்டவனோடு ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் நிலையத்துக்கும் கூடப் போய், அவன் சொல்வதைத் தமிழில் சொல்லி, முதல் தகவல் அறிக்கையின் நகலை அவன் கையில் வாங்கித் தர ஒருவர் வேண்டும். வழக்கு முடியும் வரை விசாரிக்க ஒரு வக்கீல் வேண்டும். வதந்தி வந்த இரவிலேயே தொழிலாளர் குடியிருப்புக்குப் போய் உண்மையைச் சொல்ல இருவர் வேண்டும். ஹிந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் எழுதிய ஓர் அறிவிப்புப் பலகை ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் வேண்டும். இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை.

பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களைத் தூக்கிலிட வேண்டுமென்று கூச்சலிடுவது எளிது. பதினேழு வயதில் ஒருவனுக்கு அரிவாள் அலங்காரமாகத் தோன்றுமானால், அந்த அலங்காரத்தைக் கைதட்டி ரசித்தவர்கள் யார் என்றும் விசாரிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனை உடன் படித்த பிள்ளைகளே வீடு தேடிப் போய் வெட்டினார்கள். அதன்மேல் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு அவர்கள் 2024 ஜூனில் சமர்ப்பித்த அறிக்கை, பள்ளிகளின் பெயரில் ஜாதி இருக்கக் கூடாது, மாணவர் கையில் ஜாதிக் கயிறு இருக்கக் கூடாது என்றெல்லாம் சொல்கிறது. நாங்குநேரியில் ஜாதி, வேறோரிடத்தில் மொழி, இன்னோரிடத்தில் வெறும் ‘அயலான்’ என்ற எண்ணம். பெயர்தான் வேறு, வியாதி ஒன்று. தன் வகுப்பில் அடுத்த பெஞ்சியில் இருப்பவனை மனிதனாகப் பார்க்கக் கற்றவன் ரயிலில் எதிரே இருப்பவனையும் அவ்வாறே பார்ப்பான்.

நமது நேயர்களில் பலர் தேசத் தொண்டில் ஈடுபட்டவர்கள். மேடைகளில் சமத்துவம் பேசுகிறவர்கள். அவர்களை நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. அடுத்த முறை திருத்தணி ரயிலில் ஏறும்போது, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் அயலூர்த் தொழிலாளியைப் பாருங்கள். அவன் ஊர் எது, எங்கே வேலை, கூலி ஒழுங்காக வருகிறதா என்று தெரிந்த மொழியில் விசாரியுங்கள். நீங்கள் விசாரிப்பதை அந்தப் பெட்டியில் இருக்கும் மற்றவர்களும் பார்ப்பார்கள். இடுப்பில் அரிவாளைச் செருகியவன் இருந்தால் அவனும் பார்ப்பான். இவனைக் கேட்பார் உண்டு என்று அவன் தெரிந்துகொள்ளட்டும்.